வயதுக்கு வந்தவளுக்கு எந்தக் கதை?

தமிழ்ப் பதிப்புலகத்தில் அடிப்படையில் இரண்டு அலமாரிகள்தாம். ஒன்று சிறுவர் இலக்கியம். மற்றது, பெயர்ப் பலகை இல்லாவிட்டாலும், பெரியவர்களுக்கானது. ஆங்கிலத்தில் ‘யங் அடல்ட்’ என்று தனி வகையே இருக்கிறது. 12 வயதுக்கும் 18க்கும் இடைப்பட்டவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுவது. நம்மிடமும் ‘இளையோர் இலக்கியம்’ என்ற சொல் புழங்கத் தொடங்கியிருக்கிறது. சொல் வந்த அளவுக்குப் புத்தகம் வரவில்லை.

ஆனால் அந்தப் பருவத்தைக் குறிக்க நம் மொழியில் ஒரு தொடர் காலங்காலமாக இருக்கிறது. அது பெண்ணுக்கு மட்டுமேயானது: வயதுக்கு வருதல். ஆண்பிள்ளைக்கு மீசை முளைக்கிறது, குரல் உடைகிறது. அவன் வயதுக்கு வருவதில்லை. பெண்பிள்ளைக்கு மட்டும் அது நாள், கிழமை, நேரம் பார்த்துக் குறித்து வைக்கப்படுகிறது. குச்சு கட்டி உட்கார வைக்கிறார்கள். பேய் அண்டாமலிருக்கப் பக்கத்தில் இரும்பும் வேப்பிலையும். தாய்மாமன் சீர், மஞ்சள் நீர், இப்போதெல்லாம் மண்டபம், ஃப்ளெக்ஸ் பேனர். எல்லாம் முடிந்தபின் அவளிடம் சொல்லப்படுவது அறிவுரை மட்டும்தான். சிரிக்காதே, ஓடாதே, தெருவில் நிற்காதே. அதுவரை கதை கேட்டு வளர்ந்தவள் அன்றிலிருந்து அறிவுரை கேட்கிறவளாகிறாள்.

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சண்டே மார்க்கெட்டின் நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். கல்லூரிப் பெண்கள் அங்கே குனிந்து தேடுவது பெரும்பாலும் தடித்த ஆங்கில நாவல்களை. கறுப்பு அட்டை, முள், கிரீடம், கத்தி. பழைய தேவதைக் கதைகளை எடுத்து, ரத்தமும் காமமும் கலந்து மறுபடி சொல்கிற நாவல்கள் இவை. என் மாணவிகள் இவற்றை ‘டார்க்’ என்கிறார்கள். “டார்க்கா இருக்கு மேம், ஆனா விடமுடியல.” அவர்கள் ரசனையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்ணின் ஆசையையும் அச்சத்தையும் ஒரே பக்கத்தில் பேசுகிற வேறு எதை அவர்கள் கையில் கொடுத்துவிட்டோம்? என் கேள்வி வேறு. இந்தக் கதைகளின் இருட்டு யாருக்கு வேலை செய்கிறது?

இந்த ஊரில் இருந்துகொண்டு கதைகளைப் பற்றிப் பேசினால் கி. ராஜநாராயணனைத் தாண்டிப் போக முடியாது. இடைசெவல் கிராமத்துக்காரர், கரிசல் மண்ணின் கதைசொல்லி. கல்லூரி வாசலை மாணவராக மிதிக்காத அவரை 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. அதன்பின் 2021 மே மாதம் இறக்கும்வரை புதுச்சேரிதான் அவர் ஊர். மாணவர்களை அனுப்பியும் தானே கேட்டும் நாட்டார் கதைகளைச் சேகரித்தார். தமிழில் வேறெந்தத் தனிமனிதரும் அச்சுக்குக் கொண்டுவராத கதைகளைக் கொண்டுவந்தார். பாலியல் கதைகளை ‘ஆபாசம்’ என்று ஒதுக்காமல் தொகுத்த துணிச்சல் அவருடையது.

அந்தத் தொகுப்புகளின் தலைப்புகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’. இன்னொன்று, கழனியூரனோடு சேர்ந்து தொகுத்தது, ‘மறைவாய் சொன்ன கதைகள்’. ‘வயது வந்தவர்’ என்ற சொல்லில் பால் வேறுபாடு கிடையாது என்று இலக்கணம் சொல்லும். உள்ளே போனால், ஒரு தாத்தா சொல்ல, இளவட்டங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டுச் சிரிக்கிற பாணி. அந்த வட்டத்தில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இடம் எங்கே? பாட்டிகளும் இதே கதைகளைச் சொன்னார்கள். நாற்று நடும்போதும், மாவாட்டும்போதும், குச்சின் ஓரத்திலும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது வயதுக்கு வந்தவளை நோக்கி. அச்சில் ஏறும்போது அந்தக் கேட்பவள் காணாமல் போனாள். குறும்பான கதை ஆண்களின் அலமாரிக்கும் நீதிக் கதை குழந்தைகளின் அலமாரிக்கும் போயின. கி.ரா.வின் உழைப்பைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவர் சேகரிக்காமல் விட்டிருந்தால் இந்தச் சண்டை போடக்கூடக் கதை மிஞ்சியிருக்காது.

கேட்பவள் காணாமல் போனால் கதைக்கு என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே தெளிவான சான்று இருக்கிறது. சார்ல் பெரோ தன் கதைத் தொகுதியைப் பாரிஸில் வெளியிட்டது 1697இல். (அந்த ஆண்டு புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலேயே இல்லை. 1693இல் டச்சுக்காரர் பிடித்து, 1699இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.) சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை அதில்தான் முதன்முதல் அச்சேறியது. பெரோவின் கதையில் சிறுமி ஓநாயின் படுக்கையில் ஏறுகிறாள், ஓநாய் அவளைத் தின்கிறது, கதை முடிகிறது. காப்பாற்ற யாரும் வருவதில்லை. வேட்டைக்காரன் 1812இல் கிரிம் சகோதரர்கள் கொண்டுவந்து சேர்த்தவன். பெரோ கடைசியில் செய்யுளில் ஒரு நீதியும் வைத்தார்: அழகான இளம்பெண்கள் கண்டவர் பேச்சைக் கேட்டால் இப்படித்தான், இனிக்கப் பேசும் ஓநாய்களே மிக ஆபத்தானவை என்பது அதன் சாரம். ஆக, தின்றது ஓநாய், தப்பு சிறுமி மேல். நமக்குப் பழகிய தீர்ப்புதானே.

இதே கதை பிரான்சின் நியேவ்ர் வட்டாரத்தில், 1885 வாக்கில், கிராமத்தார் வாயிலிருந்து எழுதிக்கொள்ளப்பட்டது. நாட்டார் கதை ஆய்வாளர் போல் தெலாரு பின்னாளில் இதைப் பரவலாக அறியச் செய்தார். ‘பாட்டியின் கதை’ என்று பெயர். பெரோவை விடப் பல மடங்கு இருட்டு. ஓநாய் மனிதன் பாட்டியைக் கொன்று சதையை அலமாரியிலும் ரத்தத்தைப் புட்டியிலும் வைத்திருக்கிறான். தெரியாமல் சிறுமி அதைத் தின்று குடிக்கிறாள். உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நெருப்பில் போடச் சொல்கிறான், போடுகிறாள். படுக்கையில் ஏறிய பிறகுதான் ஆள் யாரென்று புரிகிறது. உடனே அவள் சொல்கிறாள்: வெளிக்குப் போக வேண்டும். படுக்கையிலேயே போ என்கிறான். இல்லை, வெளியேதான் என்கிறாள். காலில் கயிறு கட்டி அனுப்புகிறான். அவள் அந்தக் கயிற்றைத் தோட்டத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறாள்.

கதையில் நீதி கிடையாது. கழிப்பறைச் சாக்கு சொல்லித் தப்பிய ஒரு பெண்தான் இருக்கிறாள். இதே கதையில் ஓநாய் மனிதன் வழியில் அவளிடம், ஊசிப் பாதையில் போகிறாயா, குண்டூசிப் பாதையில் போகிறாயா என்று கேட்பான். அபத்தமாகத் தோன்றும் இந்தக் கேள்வியை 1978இல் இவோன் வெர்தியே என்ற பெண் மானுடவியலாளர் அவிழ்த்தார். பூப்பெய்தும் வயதுப் பெண்களைத் தையல்காரியிடம் ஒரு பருவம் அனுப்பிவைப்பது அந்த வட்டாரத்து வழக்கம். குண்டூசி கன்னிப் பருவத்தின் அடையாளம் என்பது அவர் வாசிப்பு. அதாவது இது வயதுக்கு வருகிற பெண்ணுக்குக் கிழவிகள் சொன்ன கதை. பெரோ அரசவைக்கு ஏற்றபடி எடுத்தபோது சதையையும் ரத்தத்தையும் குண்டூசியையும் நீக்கினார். கூடவே கயிற்றையும் நீக்கிவிட்டார். அருவருப்பானதை வெட்டியபோது தப்பிக்கும் வழியும் போய்விட்டது.

ஓநாய் காட்டில் அவளைத் தின்னவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அது பாட்டியின் படுக்கையில், பாட்டியின் போர்வைக்குள் இருந்தது. போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்லிவருகின்றன. 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமைக்காகப் புதுச்சேரியே தெருவில் இறங்கியது. கைதானவர்கள் அதே பகுதிக்காரர்கள். ஊர் அடங்கியபின் நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? ‘வெளியே போகாதே.’ பெரோவின் நீதி அப்படியே. வீட்டுக்குள் இருக்கும் ஓநாயைப் பற்றிய கதையைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இனி நடைபாதை நாவல்களுக்கு வருகிறேன். அவற்றில் பாதிக்கு மூலம் ‘அழகியும் மிருகமும்’. அதுவும் பிரெஞ்சுக் கதை. வில்நவ் 1740இல் நீளமாக எழுதியதை, 1756இல் லெப்ரன்ஸ் த பொமோன் சுருக்கினார். பொமோன் பணக்கார வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை. மாணவிகளோடு உரையாடுவதாக அமைத்த நூலில்தான் இந்தக் கதையை வைத்தார். முன்பின் தெரியாதவனுக்குக் கட்டிக் கொடுக்கப்படப் போகிற பெண்ணிடம் அது சொன்னது: மிருகம் போலத் தெரிவான், பொறுத்துக்கொள், உள்ளே இளவரசன். நம் பெரியம்மாக்கள் பிரெஞ்சு படிக்காமலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015இல் வந்தது; இதே கதைதான். காட்டில் வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண், மிருக உருவில் வந்தவனின் மாளிகைக்குக் கொண்டுபோகப்படுகிறாள், காதலிக்கிறாள். இதோடு விட்டிருந்தால் பொமோனின் பாடத்துக்குப் புதுச் சட்டை என்று ஒதுக்கியிருக்கலாம். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அதே காதலன் பாதுகாப்பு என்ற பெயரில் அவளை மாளிகைக்குள் அடைக்கிறான், அவள் வெளியேறுகிறாள். அன்பு என்று சொல்லிக்கொண்டு வரும் பூட்டை அடையாளம் காட்டிய அளவில் அது உருப்படியான வேலை. ஆனால் வெளியேறியவள் போய்ச் சேர்வது முன்னவனை விட வலிமையான இன்னொரு பிரபுவிடம். இருட்டு அங்கே ஆணின் கவர்ச்சிக்குத் தீட்டப்பட்ட மை.

பெரோவை 1977இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஏஞ்சலா கார்ட்டர், இரண்டே ஆண்டில் ‘தி பிளடி சேம்பர்’ தொகுப்பை எழுதினார். மனைவிகளைக் கொன்று அறையில் பூட்டிவைக்கும் நீலத்தாடியின் கதையில், பெரோ கதாநாயகியைக் காப்பாற்றச் சகோதரர்களை அனுப்பினார். கார்ட்டர் தாயை அனுப்புகிறார், குதிரையில், கையில் துப்பாக்கியோடு. அம்மா வந்து மாப்பிள்ளையைச் சுடுகிற கதை தமிழில் எப்போது வரும் என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். சிரித்தோம். ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று சொல்லாத அம்மா ஒருத்தி வந்தாலே போதும் என்று இன்னொருத்தி சொன்னாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தமிழில் நீலத்தாடிக் கதை இல்லாமல் இல்லை. ஐம்பெருங்காப்பியங்கள் யாவை என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஐந்தாவது பெயராக நாம் எழுதிய குண்டலகேசிதான் அது. நாதகுத்தனார் எழுதிய பௌத்தக் காப்பியம். கிடைப்பவை சில பாடல்களே. கதையைப் பின்வந்த நீலகேசியின் உரை காத்து வைத்திருக்கிறது. வணிகன் மகள் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துப்போகப்படும் கள்வன் ஒருவனை மாடியிலிருந்து பார்த்து ஆசைப்படுகிறாள். தந்தை அவனை மீட்டு மணம் முடித்து வைக்கிறார். ஒருநாள் ஊடலில், ‘நீ கள்வன்தானே’ என்று சொல்லிவிடுகிறாள். அவன் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நைச்சியமாக மலை உச்சிக்குக் கூட்டிப்போய், உன்னைக் கொல்லப்போகிறேன் என்கிறான். சாகுமுன் உங்களை மூன்று முறை வலம்வர வேண்டும் என்கிறாள் அவள். பதிவிரதை கேட்கக்கூடிய வரம்தானே, சம்மதிக்கிறான். வலம் வருகிறவள் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

பிளம் மரத்துக் கயிறு இதுதான். எந்தப் பணிவை அவளிடமிருந்து எதிர்பார்த்தார்களோ அந்தப் பணிவையே கருவியாக்கினாள். பிறகு வீட்டுக்குத் திரும்பி அழுதுகொண்டிருக்கவில்லை. பௌத்தத் துறவியாகி, வாதத்தில் எதிரிகளை வென்றாள் என்கிறது கதை. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’க்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி இந்த மலையுச்சிக் காட்சியைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தக் காட்சிக்கு முன்வரும் பாட்டை இன்றும் வானொலியில் காதல் பாட்டாகப் போடுகிறார்கள். அது கொலைக்கு அழைக்கும் பாட்டு என்று சொன்னால் மாணவிகள் நம்ப மறுக்கிறார்கள். காப்பியத்தின் பெயர் மனப்பாடம், பாட்டின் மெட்டு மனப்பாடம், நடுவில் இருக்கும் பெண் மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

நீலிக்கு இதைவிட மோசம் நேர்ந்தது. கணவனால் கொல்லப்பட்ட பெண், அவனுடைய மறுபிறவியில் பழையனூருக்குப் பேயாகத் தேடி வருகிறாள். இடுப்பில் குழந்தை, அது உண்மையில் கள்ளிக்கொம்பு. இவர் என் கணவர், என்னைக் கைவிடுகிறார் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். வேளாளர் எழுபது பேர் அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். இரவில் அவனைக் கொல்கிறாள். வாக்குத் தவறாத எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். கதை எதற்காக நினைக்கப்படுகிறது? அந்த எழுபது பேரின் வாய்மைக்காக. முதல் கொலை, அவள் கொலை, ஒரு முன்கதைக் குறிப்பு.

மொழி இன்னும் ஒரு படி மேலே போனது. ‘நீலிக் கண்ணீர்’ என்றால் பொய்க் கண்ணீர். கொலையுண்ட பெண் சபையில் வந்து அழுததற்குத் தமிழ் வைத்த பெயர் இது. காவல் நிலையத்திலும் குடும்ப நீதிமன்றத்திலும் நிற்கும் பெண்ணைப் பார்த்து நாம் அந்தச் சொல்லைத்தான் இன்றும் எடுத்து வீசுகிறோம். இளம்பெண்களுக்கான இருண்ட கதை என்று ஒன்றைத் தமிழில் புதிதாக எழுத நினைப்பவர் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

பழங்காலத்திலேயே ஒருவர் தொடங்கினார். பெயர் தெரியாத சமண ஆசிரியர் எழுதிய நீலகேசியில், பழையனூர் நீலி என்ற பேய் ஒரு முனிவரை மிரட்டப் போய், அவரிடம் அறம் கேட்டு, ஊர் ஊராகச் சென்று சமயவாதிகளை வாதத்தில் வெல்கிறவளாக மாறுகிறாள். முதலில் அவள் வெல்வதே குண்டலகேசியைத்தான். இரண்டு மதங்களின் சண்டைக்கு இரண்டு பெண்களை மோதவிட்டார்கள் என்று ஒரு பக்கம் எரிச்சலாக இருக்கிறது. இருந்தாலும் பேயையும் கொலைகாரியையும் எதிரெதிரே உட்காரவைத்துத் தர்க்கம் பேசவைத்த இலக்கியம் வேறெங்கே இருக்கிறது? நம் காலத்தில் புதுச்சேரிக் கவிஞர் மாலதி மைத்ரி 2005இல் தன் கவிதைத் தொகுதிக்கு ‘நீலி’ என்றே பெயர் வைத்தார். அவர் நடத்திய இதழின் பெயர் ‘அணங்கு’. வசைச் சொல்லைப் பெயராக எடுத்துக்கொள்வது கவிதையில் நடந்துவிட்டது. பதினாறு வயதுக்காரி ராத்திரி படுத்துக்கொண்டு படிக்கிற கதையாக அது இன்னும் வரவில்லை.

எல்லா இருண்ட கதையையும் நான் வரவேற்கவில்லை. நல்லதங்காள் கதையில் பஞ்சத்துக்குப் பிழைக்க அண்ணன் வீடு வந்தவள், அண்ணி கதவடைத்ததால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். தப்பி ஓடும் பிள்ளையையும் இழுத்துப் போடுகிற இடம் வரும். பெரிய எழுத்துப் புத்தகமாகத் தலைமுறைகள் படித்து அழுத கதை. அதில் பஞ்சத்துக்குக் காரணமான எவரும் இல்லை, ஒரு பெண்ணுக்கு எதிரி இன்னொரு பெண், வழி ஒன்றே, அது கிணறு. பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த தாய் என்ற செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம் அந்தக் கதைக்கும் அதில் பங்கு உண்டோ என்று எனக்குத் தோன்றும். நிரூபிக்க முடியாது. தோன்றாமலும் இல்லை.

நான் முதலில் கையில் கொடுப்பது அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’. 2000இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை. அதில் ஓநாய் இல்லை, பேய் இல்லை, ரத்தமும் இல்லை. ரத்தம் வராததுதான் பிரச்சினை. தங்கம் அத்தை வயதுக்கு வராதவள். வைத்தியம், பூசை, எதுவும் பலிக்கவில்லை. உள்ளீடற்ற உடம்பு என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கணவனுக்கு இரண்டாம் கல்யாணம் நடக்கிறது. இரவில் பிள்ளைகள் அவளைச் சுற்றிப் படுத்துக்கொள்வார்கள். அத்தை கதை சொல்வாள். ஓர் இரவு அவள் சொல்வது, வழி தவறி வேறொரு காட்டுக்குள் போய்விட்ட மானின் கதை. அந்தக் காட்டில் எல்லாமே அந்நியம், எல்லாமே பயம். பிறகு நிலவு காயும் ஓர் இரவில் பயம் விலகுகிறது. அந்தக் காட்டைக் கண்டுகொள்கிறது மான். அது அதன் காடாகிறது.

இதை வகுப்பில் வைத்தபோது, இது டார்க் இல்லையே மேம் என்றார்கள் சிலர். சண்டை வந்தது. கல்யாணச் சந்தையில் ‘மாதவிலக்கு ஒழுங்கா வருமா’ என்று கேட்கப்பட்ட ஒருத்தி, பிசிஓடிக்கு மாத்திரை தின்கிற ஒருத்தி, அக்காவுக்குக் குழந்தை இல்லாததால் வீட்டில் நடக்கிறதைப் பார்க்கிற ஒருத்தி என்று ஒவ்வொருத்தியாகப் பேசத் தொடங்கினார்கள். இருட்டு எங்கே என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது, சொல்கிறவள் யார் என்பது. எந்தச் சடங்கு பெண்ணைப் பெண்ணாக்கும் என்று ஊர் நம்புகிறதோ அது நடக்காதவள், அது நடக்கப்போகிற பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அறிவுரையும் இல்லை. படுத்திருக்கிற பிள்ளைகளில் சின்னதுகளுக்கு அது மான் கதை. பெரியவள் ஒருத்தி மட்டும் இருட்டில் கண் விழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.